உப்பு காற்றிலா, கண்ணாடியிலா?

கடலோரத்தில் சன் போட்டோமீட்டர் (நேரடி சூரிய ஒளியை அளக்கும் கருவி) பிடித்து அளப்பவர்களின் கோப்புகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வளைகோடு உண்டு. காலை எட்டு மணிக்கு 500 நானோமீட்டர் அலைநீளத்தில் ஏஓடி (காற்றிலுள்ள துகள்கள் ஒளியைத் தடுக்கும் அளவு) 0.30. உச்சி நெருங்க நெருங்க ஏறி 0.33. வெயில் சாயச் சாய மறுபடி 0.30. கூடவே, துகள்கள் பெரிதானால் குறையும் ஆல்பா எண் மதியத்தில் கொஞ்சம் தாழ்ந்து மீள்கிறது. கடற்காற்று எழுந்தது, உப்புத்துகளைக் கொண்டுவந்தது என்று ஒரு வரியில் விளக்கம் எழுதி முடித்துவிடுகிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கருவியின் முகப்புக் கண்ணாடியில் படிந்த உப்பும் இதே கோட்டை, இதே நேரத்தில், இதே ஆல்பா இறக்கத்தோடு வரைந்து கொடுக்கும்.

கடலோரத்தில் ஏரோசாலை, அதாவது காற்றில் மிதக்கும் துகள்களை, அளப்பதில் பாதி வேலை, இப்படி ஒரே மாதிரி தெரியும் காரணங்களைப் பிரித்தறிவதுதான். மைக்ரோடாப்ஸ் போன்ற கைக்கருவியை வைத்துக்கொண்டு சென்னை, கல்பாக்கம், நாகை, தூத்துக்குடி பக்கம் அளக்கத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளிமண்டலத்தின் உச்சியிலிருந்து தரைவரை உள்ள துகள்கள் நேரடி சூரிய ஒளியைச் சிதறடித்தும் உறிஞ்சியும் எவ்வளவு குறைக்கின்றன என்பதன் அளவே ஏஓடி, அதாவது ஏரோசால் ஒளியியல் ஆழம். 0.30 என்றால், சூரியன் நேர் உச்சியில் இருக்கும்போது துகள்களால் மட்டும் நேரடி ஒளி சுமார் 26 சதவீதம் குறைகிறது. கருவி அளப்பது மின்னழுத்தத்தை. வளிமண்டலமே இல்லாவிட்டால் அது எவ்வளவு காட்டும் என்ற அளவுத்திருத்த எண்ணோடு ஒப்பிட்டு மொத்த ஒளியியல் ஆழத்தைக் கணக்கிடுகிறோம். அதிலிருந்து காற்று மூலக்கூறுகளின் பங்கையும் (500 நானோமீட்டரில் கடல்மட்டத்தில் சுமார் 0.14) ஓசோனின் பங்கையும் (நம் அட்சரேகையில் 0.01-க்கும் சற்றுக் குறைவு) கழித்தால் மிஞ்சுவது ஏஓடி.

ஆல்பா என்பது ஆங்ஸ்ட்ரம் அடுக்கெண். இரண்டு அலைநீளங்களில் ஏஓடி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துத் துகளின் அளவை ஊகிக்க உதவும் எண் அது. புகை, சல்பேட் போன்ற நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகவும் அகச்சிவப்பைக் குறைவாகவும் தடுக்கும்; ஆல்பா 1.3-இலிருந்து 2 வரை போகும். கடல் உப்பும் மண்தூசியும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகத் தடுப்பதால் ஆல்பா 0-க்கும் 0.5-க்கும் நடுவே நிற்கும். கணக்கு எளிது: 440-இல் 0.50, 870-இல் 0.22 என்று வந்தால், இரண்டின் விகிதத்தின் இயல்மடக்கை 0.82, அலைநீள விகிதத்தின் இயல்மடக்கை 0.68, ஒன்றை ஒன்றால் வகுத்தால் 1.20.

இனி அந்த மதிய மேட்டுக்கு வருவோம். மின்னழுத்தத்தில் வரும் பிழையை ஏர் மாஸால் வகுத்தால் கிடைப்பது ஏஓடி பிழை. ஏர் மாஸ் என்பது ஒளி வளிமண்டலத்தில் கடக்கும் தூரம், நேர் உச்சிப் பாதையைப்போல எத்தனை மடங்கு என்பது. சூரியன் உச்சியில் இருந்தால் 1, அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் 2, 19.5 பாகையில் 3. கண்ணாடியில் படிந்த உப்பு 5 சதவீத ஒளியைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏர் மாஸ் 3 ஆக இருக்கும் காலையில் அது ஏஓடியில் 0.017 மட்டும் கூட்டும். உச்சியில் 0.05 கூட்டும். காற்றில் ஒரு துகள்கூட மாறாமலே 0.03 உயரத்துக்கு ஒரு மேடு முளைத்துவிடும்.

ஆல்பாவும் சேர்ந்து ஏமாற்றும். உப்புப் படலம் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் மறைக்கிறது. மேலே சொன்ன 0.50, 0.22 இரண்டோடும் 0.05 கூட்டிப் பாருங்கள்: 0.55, 0.27. ஆல்பா 1.20-இலிருந்து 1.04-க்கு இறங்கிவிட்டது. நிஜமாகவே கடல் உப்பு வந்து சேர்ந்தாலும் எண்கள் இதே திசையில்தான் நகரும்.

இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரிந்த நேர்த்தியான வழி ஒரு வரைபடம். கிடை அச்சில் நேரத்தைப் போடாமல், 1-ஐ ஏர் மாஸால் வகுத்த எண்ணைப் போடுங்கள். செங்குத்து அச்சில் ஏஓடி. கோளாறு கண்ணாடியிலோ அளவுத்திருத்தத்திலோ இருந்தால், காலைப் புள்ளிகளும் மாலைப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அந்தக் கோட்டின் சாய்வே ஒளி இழப்பு, 0.05 என்றால் ஏறத்தாழ 5 சதவீதம். மாற்றம் காற்றில் என்றால் காலைப் புள்ளிகள் ஒரு வழியிலும் மாலைப் புள்ளிகள் வேறு வழியிலும் போய் நடுவே ஒரு வளையம் திறக்கும். கடற்காற்றுக்குச் சூரியனின் உயரத்தோடு அவ்வளவு ஒழுங்கான உறவு கிடையாது. சென்னையில் அது ஒருநாள் பதினொன்றுக்கே உள்ளே வரும். மேல்காற்று வலுத்த ஜூன் மாதத்தில் மாலைவரை இழுத்தடிக்கும், சில நாள் வராமலே போகும்.

இந்தச் சோதனைக்கும் ஓர் ஓட்டை உண்டு. உப்பு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்துகொண்டே இருந்தால் மாலைக் கோடு காலைக் கோட்டுக்கு மேலே தள்ளி நிற்கும், வளையம்போலவே தெரியும். அதற்கு ஒரே மருந்து, அளவீட்டின் நடுவே கண்ணாடியைத் துடைப்பது. உச்சி வேளையில் ஐந்து ஸ்கேன், துடைப்பு, மறுபடி ஐந்து ஸ்கேன். எல்லாம் பத்து நிமிடத்துக்குள். துடைத்தபின் ஏஓடி எவ்வளவு இறங்கியதோ அதைத் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு மாதக் குறிப்பு சேர்ந்தால் உங்கள் இடத்தில் உப்பு என்ன வேகத்தில் படிகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

துடைக்கும் முறையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். லென்ஸ் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்று படித்திருப்போம். அதை மட்டும் தொட்டுத் துடைத்தால் உப்பு போகாது. சோடியம் குளோரைடு ஆல்கஹாலில் கரைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். கண்ணாடி மேல் இங்குமங்கும் நகர்ந்து மெல்லிய படலமாகப் பரவும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், மின்னழுத்தம் அப்படியே இருக்கும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் மணலை ஊதிவிட வேண்டும். கடற்கரை மணலில் குவார்ட்ஸும் கார்னெட்டும் உண்டு. அதோடு தேய்த்தால் முகப்பில் நிரந்தரக் கீறல் விழும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த லென்ஸ் தாளைக் கண்ணாடி மேல் சில விநாடி வைத்திருந்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். தாளை மாற்றி இன்னொரு முறை. கடைசியாகத்தான் ஆல்கஹால், ஈரத்தையும் விரல் எண்ணெயையும் எடுக்க. நீர் எங்கே கிடைக்கும் என்று அலைய வேண்டாம்: மருந்துக்கடையில் ஊசி மருந்து கலக்க விற்கும் ஸ்டெரைல் வாட்டர் சிறு குப்பிகள் போதும், மலிவு, திறந்தவுடன் சுத்தம். கேன் தண்ணீர் வேண்டாம். காய்ந்தபின் தன் உப்பை விட்டுவிட்டுப் போகும். சட்டை நுனி பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஸ்கேன் எடுக்கும் ஒழுங்கும் கடலோரத்தில் கொஞ்சம் வேறு. ஏசி அறையிலிருந்து கருவியை நேராக மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் கரையில் கோடையில் பனிநிலை வெப்பம், அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பம், 25, 26 பாகை செல்சியஸைத் தொடும். 23 பாகை அறையில் குளிர்ந்த கண்ணாடியில் வெளியே வந்தவுடன் ஆவி படியும், அது காயும்வரை ஏஓடி அபத்தமாக இருக்கும். பையோடு நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். மூடியை மூடிய நிலையிலேயே கருவியை இயக்க வேண்டும். அப்போதுதான் இருட்டு மின்னழுத்தத்தைத் தானே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். நேரம், இடம் இரண்டையும் ஜிபிஎஸ் கருவியிலிருந்து ஏற்றுவது நல்லது. உள்ளூர் நேரத்தையும் உலக நேரத்தையும் குழப்பி ஐந்தரை மணி நேரம் தள்ளி வைத்துவிட்டால் ஏர் மாஸ் எல்லாமே பொய்யாகிவிடும். இந்தப் பிழை நம்புவதற்கரிய அளவுக்குச் சாதாரணம்.

கருவியிலுள்ள குறுக்குக்கோட்டின் நடுவில் சூரியப் புள்ளியை நிறுத்தி ஸ்கேன் தட்டுங்கள். கடற்காற்று வீசும் மாடியில் கை ஆடும், முக்காலி இருந்தால் வேலை பாதி. புள்ளி விலகினால் ஒளி குறையும், ஏஓடி கூடும். மெல்லிய மேகம் குறுக்கே வந்தாலும் கூடும். கண்ணாடி அழுக்கானாலும் கூடும். இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே பக்கம்தான் தள்ளும் என்பதால் சராசரி எடுப்பது தவறு: ஒரு தொகுதியில் ஐந்தாறு ஸ்கேன் எடுத்து அவற்றில் மிகக் குறைந்த ஏஓடியை நம்புங்கள். உலகளாவிய சன் போட்டோமீட்டர் வலைப்பின்னலான ஏரோநெட்டின் கடல்சார் கிளை 2006 முதல் கப்பல்களில் இதே வகைக் கைக்கருவியால் அளக்கிறது. ஆடும் கப்பல் தளத்திலேயே, கவனமாக எடுத்தால் பிழை 0.02-க்குள் அடங்குகிறது. மாடியில் நிற்கும் நமக்கு அதற்குமேல் போகச் சாக்கு இல்லை. ஆல்பா கணக்குக்கு 1020 நானோமீட்டரை எடுக்காதீர்கள். அந்த அலைநீளத்தில் சிலிக்கான் உணரியின் திறன் வெப்பத்தோடு நகரும். வெயிலில் சுட்ட கருவியில் அது தனிக்கதை பேசும். 440-உம் 870-உம் போதும்.

அந்த 0.02 பிழை ஆல்பாவை என்ன செய்யும் என்பதையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும். சுத்தமான கடற்காற்றில் 440-இல் 0.08, 870-இல் 0.06 என்று வந்தால் ஆல்பா 0.42. இரண்டாவது எண் 0.02 குறைந்து 0.04 ஆனால் ஆல்பா 1.02, கூடி 0.08 ஆனால் ஆல்பா பூஜ்யம். கருவியின் பிழை எல்லைக்குள்ளேயே கடல் உப்பும் ஊர்ப்புகையும் இடம் மாறிக்கொள்கின்றன. ஏஓடி 0.1-க்குக் கீழே போனால் ஆல்பாவை வைத்துத் துகளின் குலம் கோத்திரம் பேசுவதை விட்டுவிடுவது நல்லது.

உயரத்தில் ஓடும் சிர்ரஸ் முகிலும் ஆல்பாவைப் பூஜ்யத்துக்கு இழுக்கும். பனிப்படிகங்கள் பெரியவை, எல்லா நிறத்தையும் சமமாகத் தடுப்பவை, கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியதாகவும் இருக்கும். மழைக்கால இடிமுகில்களின் தலை கரைந்து பரவும் நாள்களில் இது தினசரித் தொல்லை. சூரியனை ஒரு தூணின் அல்லது கைப்பிடிச் சுவரின் விளிம்புக்குப் பின்னால் முழுதாக மறைத்துக்கொண்டு, அதைச் சுற்றிய வானத்தை மட்டும் பாருங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். சிர்ரஸ் என்றால் அந்த வெண்மையில் நார்நாராகவோ திட்டுத்திட்டாகவோ அமைப்பு தெரியும், நிமிடத்துக்கு நிமிடம் மாறும். உப்போ தூசியோ என்றால் சூரியனை ஒட்டி ஒரே சீரான வெள்ளை வட்டம் இருக்கும், அசையாது.

அளவுத்திருத்தம் பற்றி ஒரு வார்த்தை. லாங்லி முறையில், காலை முழுவதும் ஏர் மாஸ் 5-இலிருந்து 2 வரை இறங்கும்போது மின்னழுத்தத்தின் மடக்கையை ஏர் மாஸுக்கு எதிரே வரைந்து, கோட்டை ஏர் மாஸ் பூஜ்யம்வரை நீட்டி அளவுத்திருத்த எண்ணைப் படிக்கிறோம். அந்த நேரத்தில் ஏஓடி மாறாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடலோரத்தில் நிலக்காற்று ஓய்ந்து கடற்காற்று எழும் காலைவேளையில் அது நடக்காது. கோடு அழகாக நேராக வந்தாலும் நம்ப முடியாது. ஏஓடி நண்பகலை மையமாகக் கொண்டு சீராக மாறினால் நேர்கோடும் வரும், தவறான எண்ணும் வரும். ஏரோநெட் தன் மூலக் கருவிகளை ஹவாயின் மௌனா லோவாவிலும் டெனரீஃப் தீவின் இசான்யாவிலும் திருத்துவதற்குக் காரணம் இதுதான்: இரண்டும் தீவு மலைகள், அழுக்குக் காற்றுக்கு மேலே நிற்பவை. நமக்கு எட்டும் தூரத்தில் கொடைக்கானல் இருக்கிறது. அங்குள்ள சூரிய ஆய்வகத்தின் உயரம் 2,300 மீட்டருக்கு மேல். குளிர்கால விடியலில், பள்ளத்தாக்குக் காற்று மேலேறும் முன் எடுக்கும் பல நாள் லாங்லிகளின் சராசரி, கடற்கரையில் எடுத்த நூறு லாங்லியைவிட மேல்.

இப்போது துகளுக்கு வருவோம். கடல் உப்பு காற்றில் ஏறுவது வெண்நுரையிலிருந்து. காற்று விநாடிக்கு 3, 4 மீட்டரைத் தாண்டும்போது கடலில் வெண்தலைகள் தோன்றும். உள்ளே அமுங்கிய குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது அதன் சவ்வு சிதறி மிக நுண்ணிய துளிகளும், நடுவிலிருந்து பீறிடும் தாரையில் சற்றுப் பெரிய துளிகளும் பறக்கும். வெண்நுரைப் பரப்பு காற்று வேகத்தின் 3.4-ஆம் அடுக்கில் ஏறுகிறது என்பது 1980-இலிருந்து புழங்கும் சூத்திரம்: 5 மீட்டர் வேகத்தில் கடற்பரப்பின் 0.1 சதவீதம், 10 மீட்டரில் 1 சதவீதம். வேகம் இரட்டித்தால் நுரை பத்து மடங்கு. ஏஓடி அந்த வேகத்தில் ஏறாது. பெரிய துளிகள் வந்த வேகத்தில் விழுந்துவிடும். 10 மைக்ரான் துளி விநாடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கும். ஆழ்கடல் மேல் சுத்தமான நாளில் ஏஓடி 0.06, 0.07 என்ற அளவிலேயே நிற்கிறது.

கரையோர அலைமோதல் இதில் சேராத தனி ஊற்று. காற்றே இல்லாத நாளிலும் அலை உடையும் பட்டையில் நுரை உண்டு. அங்கிருந்து கிளம்பும் உப்புப்புகை தரையை ஒட்டிச் சில பத்து மீட்டர் உயரத்துக்குள் உள்ளே வரும். மெரினா மணலில் நின்று அந்தி வெயிலை எதிர்நோக்கினால் கண்ணுக்கே தெரியும் அந்த வெள்ளைத் திரை. சன் போட்டோமீட்டருக்கு இது பெரிதல்ல, தரையிலிருந்து உச்சிவரை உள்ள மொத்தக் காற்றில் சில பத்து மீட்டர் ஆழம் ஒரு துளி. தரையில் காற்றை உறிஞ்சி, அதிலுள்ள துகள்கள் சிதறடிக்கும் ஒளியை அளக்கும் நெஃபெலோமீட்டருக்கோ இது எல்லாமே. அலைக்கோட்டுக்குப் பக்கத்தில் வைத்த நுழைகுழாய் வங்காள விரிகுடாவை அளக்கவில்லை, முன்னால் உள்ள ஐம்பது மீட்டர் நுரையை அளக்கிறது.

உப்பின் ஒளியியலைத் தீர்மானிப்பதில் உப்பைவிட நீருக்குப் பங்கு அதிகம். காய்ந்த சோடியம் குளோரைடு படிகம் 75 சதவீத ஒப்பு ஈரப்பதத்தில் சட்டென்று கரைந்து துளியாகும். 80 சதவீதத்தில் அதன் விட்டம் காய்ந்த நிலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒளியை மறைக்கும் குறுக்குப்பரப்பு நான்கு மடங்கு, கொள்ளளவு எட்டு மடங்கு. எட்டில் ஏழு பங்கு வெறும் தண்ணீர். ஒளிவிலகல் எண்ணும் 1.54-இலிருந்து தண்ணீரின் 1.33 பக்கம் இறங்கிவிடும். திரும்பக் காயும்போது 75-இல் படிகமாகாது. சுமார் 45 சதவீதம்வரை துளியாகவே தாக்குப்பிடிக்கும். அதனால் ஈரப்பதம் 60 என்று மட்டும் தெரிந்தால் போதாது. அந்தக் காற்று ஈரமான கடலிலிருந்து காய்ந்து வந்ததா, உலர்ந்த நிலத்திலிருந்து நனைந்து வந்ததா என்பதும் தெரிய வேண்டும். நம் கடலோரத்தில் ஈரப்பதம் 45-க்குக் கீழே போகும் நேரம் மிகக் குறைவு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வறட்டும் தூத்துக்குடி பகல்களை விட்டால் உப்பு பெரும்பாலும் துளியாகத்தான் திரிகிறது.

சல்பேட் போன்ற நுண்துகளும் ஈரத்தை உறிஞ்சி ஊதிப் பெருக்கும். கடற்காற்று நுழைந்தவுடன் வெப்பம் சில பாகை விழுந்து ஈரப்பதம் 55-இலிருந்து 75-க்கு ஏறினால், ஒரு துகளும் புதிதாக வராமலே ஏஓடி கூடும், ஆல்பா கொஞ்சம் இறங்கும். இதுவும் உப்பு வந்ததுபோலவே இருக்கும். இங்கே உதவுவது ஆல்பாவின் வளைவு. 440–675, 675–870 என இரண்டு ஆல்பாக்களைத் தனித்தனியே கணக்கிடுங்கள். ஊதிய நுண்துகள் என்றால் நீண்ட அலைநீள ஆல்பா, குறுகிய அலைநீள ஆல்பாவைவிடத் தெளிவாகப் பெரிதாக இருக்கும். பெருந்துகள் கலந்திருந்தால் தலைகீழ்: 0.50, 0.32, 0.27 என்ற மூன்று எண்களில் முதல் ஜோடி 1.04, இரண்டாவது ஜோடி 0.67. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒற்றை ஆல்பா இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

கடலிலிருந்து வரும் காற்று சுத்தமான காற்று என்ற நம்பிக்கை நம் கரையில் செல்லாது. ஜனவரி, பிப்ரவரியில் சென்னைக்கு வடகிழக்கிலிருந்து வரும் காற்று, கங்கைச் சமவெளியின் புகையைச் சுமந்துகொண்டு விரிகுடாவைக் கடந்து வந்ததாக இருக்கலாம். திசைகாட்டி கடல் என்று சொல்லும், ஆல்பா 1.3 என்று சொல்லும். ஆல்பாவை நம்புங்கள். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடலில் நடந்த இண்டோஎக்ஸ் ஆய்வு இதைத்தான் பெரிய அளவில் காட்டியது: மாலத்தீவின் காஷிதூவில், நடுக்கடலில், ஒற்றைச் சிதறல் ஆல்பிடோ (துகள்கள் தடுக்கும் ஒளியில் உறிஞ்சப்படாமல் சிதறும் பங்கு) 0.9 அளவுக்கு இறங்கியிருந்தது. சுத்தமான கடல் உப்புக்கு அது 1-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அந்தக் குறைவு, ஒளியை உறிஞ்சும் கரிப்புகையின் கையெழுத்து. புகையடுக்கு பல நாள்களில் கடல்மட்டத்தில் இல்லாமல் 1 முதல் 3 கிலோமீட்டர் உயரத்தில் மிதந்ததும் அப்போது தெரிந்தது. தரையில் நுண்துகள் மானி நல்ல காற்று என்று பச்சை காட்டும் நாளில் ஏஓடி 0.5 வருவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

மறுபக்கம், ஆல்பா குறைந்தால் கடல் என்பதும் தப்பு. ஜூன், ஜூலையில் தூத்துக்குடியில் காற்று மேற்கிலிருந்து, நிலத்திலிருந்து வருகிறது. கச்சான் கிளப்பும் தேரிக்காட்டுச் செம்மணல் தூசிக்கும் ஆல்பா குறைவுதான். மேற்குக் கரையில் அதே பருவத்தில் அரேபியத் தூசி கடல்வழி வந்து உப்போடு கலக்கிறது. தூசியையும் உப்பையும் ஏஓடி, ஆல்பா இரண்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. காற்றின் வழித்தடம் வேண்டும். காற்று வந்த வழியைக் கணக்கிடும் ஹைஸ்ப்ளிட் கணினி மாதிரியில் 500, 1500, 3000 மீட்டர் என்று மூன்று உயரங்களுக்கு ஐந்து நாள் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். ஒரு உயரம் போதாது, மூன்றும் மூன்று நாடுகளைக் காட்டும் நாள்கள் உண்டு. பல ஆண்டுப் போக்கோடு ஒப்பிட விரும்பினால், கேரளக் கடற்கரையில் தும்பாவில் 1980-களின் நடுவிலிருந்து பல அலைநீளக் கதிர்மானியால் அளந்த நெடுந்தொடர் இருக்கிறது. இஸ்ரோவின் ஏரோசால் கண்காணிப்பு வலைப்பின்னல் வளர்ந்தது அந்த வேரிலிருந்துதான்.

தரைக்கருவி வைப்பவர்களுக்கு. நெஃபெலோமீட்டரில் மாதிரிக் காற்றை 40 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே உலர்த்தி அளப்பது உலக வழக்கம். அப்போதுதான் ஊர்களை ஒப்பிடலாம். பனிநிலை 25 பாகை உள்ள நம் காற்றை வெறும் சூட்டால் 40-க்குக் கொண்டுவர, அதை 41 பாகைக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் அம்மோனியம் நைட்ரேட்டும் கரிமப் பொருளில் ஒரு பகுதியும் ஆவியாகிப்போகும். சூடாக்காமலே ஈரத்தை வெளியேற்றும் நஃபியான் உலர்த்துகுழாய் விலை கூடுதல், ஆனால் இங்கே வேறு நல்ல வழி இல்லை. அதைவிட அவசரமானது: கருவி அறையை 23 பாகைக்குக் குளிர்வித்துவிட்டு, வெளிக்காற்றுக் குழாயை வெறுமனே உள்ளே விட்டால் குழாய்க்குள்ளேயே தண்ணீர் சொட்டும். அறை வெப்பம் வெளிப் பனிநிலைக்கு மேலே இருக்க வேண்டும், குழாய்க்குக் காப்புறை வேண்டும். நாடாவில் துகளைப் படியவைத்துக் கரிப்புகையை அளக்கும் ஏத்தலோமீட்டரில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரிப்புகை அளவு மேலே குத்தி அடுத்த கணம் எதிர்மறைக்குப் போனால், தெருவில் லாரியைத் தேடாதீர்கள். ஏசி கம்ப்ரசர் ஓடி நிற்கும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். நாடாவில் படிந்த உப்பு ஈரத்தை இழுத்து விடும்போது ஒளி ஊடுருவல் மாறுகிறது, கருவி அதைக் கரி என்று படிக்கிறது.

நுழைகுழாய் நேர்செங்குத்தாக, வளைவில்லாமல், மின்கடத்தும் கறுப்புச் சிலிக்கோன் அல்லது துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். பெரிய உப்புத்துளி முதல் வளைவிலேயே சுவரில் ஒட்டிக்கொள்ளும். நெஃபெலோமீட்டர் முன்னோக்கிச் சிதறும் ஒளியில் முதல் 7 பாகையைப் பார்க்காது. பெருந்துகள்கள் ஒளியில் கணிசமான பகுதியை அங்கேதான் வீசும். திருத்தம் செய்யாத கடலோரத் தரவு, உப்பைத் தொடர்ந்து குறைத்தே காட்டும்.

செயற்கைக்கோள் ஏஓடியோடு ஒப்பிடுவதில் கடலோரம் மிக மோசமான இடம். நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி நிலத்துக்கு ஒரு கணக்குமுறையும் கடலுக்கு வேறொன்றும் வைத்திருக்கிறது. எதிர்பார்க்கும் பிழை நிலத்தில் 0.05-உடன் ஏஓடியின் 15 சதவீதம், கடலில் அதைவிடக் குறைவு. கரைக்கோடு ஓடும் 10 கிலோமீட்டர் கட்டத்தில் இரண்டும் முட்டிக்கொள்ளும். கடல் கருமையானது என்ற அனுமானம் கலங்கலான பாக் நீரிணையில் உடைந்துபோகிறது. சேற்றின் பிரகாசத்தை அது துகள் என்று எண்ணி ஏஓடியைக் கூட்டிச் சொல்லும். உங்கள் கருவியோடு ஒப்பிடும்போது, செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு முன்பின் அரை மணி, சுற்றிலும் 25 கிலோமீட்டர் என்று எடுத்து, நிலக் கட்டங்களுக்கும் கடல் கட்டங்களுக்கும் தனித்தனிச் சராசரி போடுங்கள். கரையை ஒட்டிய முதல் கடல் கட்டத்தை விட்டுவிடுங்கள். கடல் சராசரி மட்டும் உங்கள் எண்ணைவிடத் தொடர்ந்து மேலே நின்றால் கலங்கலைச் சந்தேகியுங்கள். நிலம், கடல் இரண்டுமே உங்கள் எண்ணைவிடக் கீழே, அதுவும் ஏர் மாஸ் சிறுத்திருக்கும் கடப்புகளில் அதிகமாகக் கீழே நின்றால், மாடிக்குப் போய் முதலில் கண்ணாடியைத் துடையுங்கள்.